ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிஇடி (உடற்கல்வி) பீரியட் எங்கே போகிறது? பெற்றோர் என்ன செய்யலாம்?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். மகன் ஒன்பதாம் வகுப்பு, அரசு உதவி பெறும் பள்ளி. கால அட்டவணைப்படி வாரத்துக்கு இரண்டு பிஇடி பீரியட். செவ்வாய் கடைசி பீரியட், வெள்ளி மதியம். பள்ளி திறந்ததில் இருந்து செவ்வாய் பீரியடைக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. வெள்ளி பீரியட் அறிவியலுக்குப் போகிறது, சில வாரம் தப்பிப் பிழைக்கிறது. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பிஇடி பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அதை எங்கள் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் பகிர்ந்து சிரித்தார்கள். அடுத்த செவ்வாயும் கணக்குதான் நடந்தது.

எனக்கு இரண்டு கேள்வி. இதைப் பள்ளியில் எப்படிக் கேட்பது? கேட்கப்போய் அது பையன் தலையில் விடியக் கூடாது. அப்புறம், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தயவுசெய்து அகாடமியில் சேருங்கள் என்று சொல்லாதீர்கள். என் மகன் விளையாட்டு வீரன் இல்லை, ஆகப்போவதும் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

கொங்குச்செல்வி:

உங்கள் பள்ளியில் ஒரு பீரியடாவது பிழைக்கிறதே! என் மூத்தவள் படித்த தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும். பத்தில் பிஇடி என்பது அட்டவணையில் இருக்கும் ஓர் எழுத்து, அவ்வளவே. சின்னவளைச் சிபிஎஸ்இயில் சேர்த்தேன். அங்கே 2018-லேயே 9 முதல் 12 வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்விக்கு என்று வாரியம் சொல்லிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டு முடிவில், உடற்கல்வியில் அவள் என்னென்ன செய்தாள் என்று நிரப்ப வேண்டிய அட்டையை நானும் அவளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். விதி இருப்பதும் வகுப்பு நடப்பதும் வேறு வேறு.

முதல் கேள்விக்கு என் பதில்: தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். கணக்கு ஆசிரியரிடம் போகாதீர்கள், தலைமை ஆசிரியரிடம் போங்கள். "ஏன் எடுத்துக்கொண்டார்கள்" என்று ஆரம்பித்தால் சண்டையாகிவிடும். "போன மாதம் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு எத்தனை பிஇடி வகுப்பு நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். யார் பெயரும் வராது. பதில் சொல்ல வேண்டுமானால் அவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய_கணக்கு_வாத்தியார்:

எதிர்பார்த்தேன், கணக்கு வாத்தியார்தான் வில்லன். 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பது தேர்ச்சி சதவீதத்தை. உங்கள் பள்ளியில் எத்தனை பேர் மூச்சு வாங்காமல் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள் என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. சரி, அதிகாரியை விடுங்கள். பெற்றோர்? "சார், கணக்குல எவ்வளவு?" இதைத் தவிர வேறு கேள்வி வந்தது அபூர்வம். மகளுக்கு டியூஷன் இருக்கிறது, அசதியாகிவிடுவாள், பிஇடியில் இருந்து விலக்கு கொடுங்கள் என்று கடிதம் எழுதித் தந்த பெற்றோர் இருக்கிறார்கள். அதே ஆட்கள் விளையாட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் அந்த 40 நிமிடம் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நான் ஒரு வடிவியல் கணக்கு போட்டால் அது குற்றமா?

விசில்:

வாத்தியார் ஐயா, காலிப் பணியிடத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது சரி. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அவர்களில் பலர் இன்றும் நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் கடன் நடக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நான் உடற்கல்வி ஆசிரியர். மேல்நிலைப் பள்ளி, மாணவர்கள் நூற்றுக்கணக்கில், ஆசிரியர் நான் ஒருவன். காலைக் கூட்டத்தில் வரிசை நிறுத்துவது, தாமதமாக வருபவனைப் பிடிப்பது, முடி வெட்டாதவனைக் கண்டிப்பது, விழா என்றால் மேடை, பந்தல் பார்ப்பது, எல்லாம் என் தலையில். ஜூலை தொடங்கினால் குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதற்கு மேல் பாரதியார் தின விழா, குடியரசு தின விழா என்று மாநிலப் போட்டிகள். அணியை அழைத்துக்கொண்டு நான் போய்விட்டால், போகாத மீதி வகுப்புகளுக்கு யார்? அந்த நாட்களில்தான் கடன் ஆரம்பிக்கும், அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி பக் 1920-ல் தொடங்கியது நம் சென்னையில், ஒய்எம்சிஏவில். நூறு வருடம் தாண்டியும் நான் பந்து எடுத்துக் கொடுக்கும் ஆள்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம் என்று கேட்டாரே, என் பட்டியல் பெரியது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலை வகுப்புப் பிள்ளை டியூஷன் முடித்து அவசரமாக ஒரு டம்ளர் டீயோடு வருவான். கூட்டத்தில் மயங்கி விழுபவர்களை விசாரித்தால் பெரும்பாலும் இதுதான் கதை. அவனை நான் எப்படி ஓடவிடுவது? இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். பையில் கொஞ்சம் கடலைமிட்டாய் இருந்தால் இன்னும் நல்லது.

உடம்பில் ஏதாவது இருந்தால் முதல் வாரமே சொல்லுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயத்தில் சின்னக் கோளாறு, எதுவானாலும். மறைத்தால் எனக்குத் தெரியாமல் ஓடவிட்டுவிடுவேன். சொன்னால் விலக்கி உட்காரவைக்க மாட்டேன், வேறு வேலை கொடுப்பேன்.

மார்க் குறைந்தால் தண்டனையாக விளையாட்டை நிறுத்தாதீர்கள். "அரையாண்டில் கணக்கு தேறும்வரை மைதானப் பக்கம் போகக் கூடாது" என்று வீட்டில் சொன்னதால் அணியை விட்டுப் போன பையன்கள் எல்லா ஆண்டும் உண்டு. அப்படி நிறுத்திய பிறகு கணக்கில் தேறியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

அப்புறம் காசு விஷயம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கத் தனி மானியம் உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. அதில் என்ன வாங்கினார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். ஆனால் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். பந்தும் வலையும் பீரோவில் பூட்டிக் கிடந்தாலும் கேளுங்கள். தொலைந்துவிடும் என்ற பயத்தில் பூட்டி வைக்கும் பள்ளிகள் உண்டு.

நிலா_அம்மா:

நீங்கள் எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் ஏழாம் வகுப்பு வரை கோகோவில் சிட்டாய் பறந்தவள். வயதுக்கு வந்த பிறகு பிஇடி என்றால் வயிற்றுவலி. முதலில் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மெல்லப் பேசிப் பார்த்ததில் ஒவ்வொன்றாக வந்தது. சுடிதார் துப்பட்டாவை ஊக்கு குத்திக்கொண்டு ஓட வேண்டும். மைதானத்தின் மறுபக்கம் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் நிற்பார்கள். கழிப்பறை மைதானத்தில் இருந்து வெகுதூரம், தண்ணீர் பல நாள் வராது. பிஇடி சார் நல்லவர்தான், ஆனால் "இன்னைக்கு முடியாது சார்" என்பதற்குமேல் அவரிடம் எதுவும் சொல்ல முடியாது.

இதில் எதுவும் பெரிய விஷயம் இல்லை, ஒன்று சேர்ந்தால்தான் பெரிது. பிஇடி உள்ள நாளில் டிராக் பேன்ட்டும் தளர்வான டீ ஷர்ட்டும் போட்டு வர அனுமதி கேட்டோம், கிடைத்தது. பெண்கள் விளையாடும்போது ஓர் ஆசிரியை கூட நிற்க வேண்டும் என்றோம், அதற்கும் சம்மதித்தார்கள். கழிப்பறை விஷயத்தில் மட்டும் இன்னும் இழுபறி. உள்ளாடை சரியானதாக வாங்கிக் கொடுப்பதைப் பற்றி அம்மாக்களே பேசத் தயங்குகிறோம். ஓடும்போது வலிக்கிறது, கூச்சமாக இருக்கிறது என்று பல பெண்கள் நின்றுவிடுவது அதனால்தான்.

ரத்தசோகையும் ஒரு காரணம். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு வாங்குகிறாள் என்றால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பேர் ஜன்னல் வழியே எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

என் மாமியார்தான் கடைசித் தடை. "பொட்டப்புள்ள எதுக்கு இந்தக் குதி குதிக்கணும்" என்பார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்களே, அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை டிவியில் பார்த்த பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஒல்லிக்குச்சி:

மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியை முடித்துச் சில வருடம்தான் ஆகிறது. கணக்கு சார் பிஇடி பீரியடை எடுத்துக்கொண்டால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஆள் நான்.

இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் நானும் இன்னொரு குண்டுப் பையனும் மிஞ்சுவோம். "சரி, இவனை நீயே வச்சுக்கோ" என்பார்கள். பந்து என் பக்கம் வந்தால் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள். சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சிரிப்பார். இப்படி வாரம் இரண்டு தடவை நடந்தால் விளையாட்டு என்றாலே கசக்காதா? நான் வேலைக்குப் போன பிறகுதான், யாரும் பார்க்காத நேரத்தில், நீச்சல் கற்றுக்கொண்டேன். என் உடம்புக்கும் ஓட்டமும் மூச்சும் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதனால் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை பிஇடி வேண்டாம் என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஜெயித்தாயா என்று கேட்காதீர்கள், என்ன ஆடினாய் என்று கேளுங்கள்.

விசில்:

தம்பி சொன்னது வலிக்கிற உண்மை. கேப்டன் ஆள் எடுக்கும் முறை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று வரிசையில் எண்ணவிட்டுப் பிரித்தால் வேலை முடிந்தது. முழு மைதானத்தில் 22 பேர் ஆடுவதைவிட நாலு நாலு பேராகச் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆடவிட்டால் எல்லாக் காலுக்கும் பந்து கிடைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியது. அவரை உட்காரவைக்காமல் உயரம் தாண்டச் சொன்னது அவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பதக்கம்கூட இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஸ்கோர் எழுதவும் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் காவல் இருக்கவும் வைக்கும் பள்ளிகளே அதிகம். அந்தப் பிள்ளையின் பெற்றோரும் "அடிபட்டுவிடும், வேண்டாம் சார்" என்பார்கள். ஆட்டத்தின் விதியை மாற்றி ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று என்னிடம் கேட்ட தாய் ஒருவர்கூட இல்லை. கேட்டால் செய்வேன்.

முட்டி_மருத்துவம்:

பிசியோதெரபிஸ்ட். சுருக்கமாகச் சில விஷயம்.

5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் வேலை இருக்க வேண்டும், அதாவது குதிப்பது, ஓடுவது, தூக்குவது. இரண்டு பிஇடி பீரியடும் ஒழுங்காக நடந்தாலும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தேறாது. மீதி வீட்டுப் பொறுப்பு. எலும்பு வலுவின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று நாம் உட்காரவைக்கும் வருடங்கள் சரியாக அதற்குள் வருகின்றன.

வளரும் வயதில் முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு துருத்தி வலிக்கிறது என்று வருகிறார்கள். எலும்பு வேகமாக வளர்ந்து, தசைநார் அதை இழுப்பதால் வருவது. பெரும்பாலும் தானாகச் சரியாகும். குதிப்பதைக் கொஞ்ச நாள் குறைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் போதும், மொத்தமாக விளையாட்டையே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும், வீட்டுப் பீரோவில் இருந்து பயன் இல்லை. நம் ஊர் வெயிலில் மதியப் பிஇடி ஆபத்து. உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள்.

படிப்பு படிப்பு என்பவர்களுக்கு ஒரு தகவல். தைவானில் பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போனதால், 2010-ல் தினமும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் இருக்கச் சொல்லிப் பள்ளிகளில் திட்டம் போட்டார்கள். அதன்பின் ஏற்றம் நின்று இறங்கவும் தொடங்கியது. கண்ணாடி நம்பர் ஏறுகிறதே என்று கவலைப்படும் பெற்றோர், பிஇடி பீரியடைக் காப்பாற்ற அதையாவது ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

வடலி:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுகிறேன். எங்கட பள்ளிக்கூடங்களில் வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதாவது ஹவுஸ் வாரியாகத் தடகளப் போட்டி, என்று ஊரே திரளும். பிள்ளைகள் நான்கு இல்லமாகப் பிரிந்து இல்லம் அலங்கரிப்பார்கள், அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, வினோத உடை எல்லாம் உண்டு. பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் தனி ஓட்டம் வைப்பார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாமார் ஓடுவதைப் பார்க்க வேண்டும்! ஓடாத பிள்ளைக்கும் இல்ல அலங்காரத்தில் ஒரு வேலை இருக்கும் என்பதால் ஒருத்தரும் வெளியில் நிற்பதில்லை. தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தபோது அது ஊரின் வெற்றியாகவே இருந்தது.

சுகாதாரமும் உடற்கல்வியும் என்று சாதாரண தரப் பரீட்சையில் (உங்கட பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) ஒரு பாடமே எடுக்கலாம். ஆனால் எங்களுக்கும் ரியூஷன் நோய் உண்டு. பின்னேரம் மைதானம் வெறுமையாகவும் ரியூட்டரி வாசல் சைக்கிளால் நிறைந்தும் இருக்கும். அந்த விஷயத்தில் கடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஓசூர்_ராஜ்:

இழையை முழுதும் படிக்கவில்லை, மன்னிக்கவும். மகள் பத்தாம் வகுப்பு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மெடிக்கல் சீட் வாங்க எந்த விளையாட்டில் சேர்த்தால் சுலபம்?

விசில்:

ராஜ் சார், எம்பிபிஎஸ்ஸுக்கு மொத்தத் தமிழ்நாட்டுக்கும் விளையாட்டு ஒதுக்கீடு 7 இடம். பொறியியலில் 500. அந்த ஏழில் நிற்பவர்கள் தேசிய, சர்வதேசச் சான்றிதழோடு வருகிறார்கள், நீட் தேர்வும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் தொடங்கி, சுலபமான விளையாட்டைத் தேடி அங்கே போக முடியாது. ஏற்கனவே விளையாடும் பிள்ளையானால் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள், உரிய படிவத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அது மட்டும் வீண் போகாது. மற்றபடி, மகளுக்கு எந்த விளையாட்டு பிடிக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. செல்வி அக்கா சொன்னபடி நாலு பெற்றோராகத் தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். போன மாதம் எத்தனை வகுப்பு நடந்தது என்று கேட்டோம். பாடத் திட்டப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார். வெள்ளி பீரியடை இனி யாரும் தொட மாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார். செவ்வாய் பீரியடுக்கு அரையாண்டு வரை பொறுங்கள் என்றார். பாதி வெற்றி.

வீட்டில் டியூஷனை ஏழு மணிக்குத் தள்ளினோம். டியூஷன் அண்ணன் முணுமுணுத்தார், சம்மதித்தார். பள்ளி விட்டு வந்து தெருவில் ஷட்டில் ஆடுகிறான், டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறான். கிரிக்கெட் பிடிக்கவில்லையாம், த்ரோபால்தான் பிடிக்குமாம். அது பெண்கள் ஆட்டம் என்று வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள் என்றான். விசில் சார், இதற்கு ஏதாவது வழி உண்டா?

விசில்:

த்ரோபாலில் ஆண்கள் அணியும் உண்டு, தேசிய அளவில் போட்டி நடக்கிறது. உங்கள் பிஇடி சாரிடம் ஒரு வாரம் முழு வகுப்பையும் த்ரோபால் ஆடவைக்கச் சொல்லுங்கள். கிண்டல் செய்தவன் ஆடிப் பார்த்தால் அந்தப் பந்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

பழைய_கணக்கு_வாத்தியார்:

தம்பி, செவ்வாய் கடைசி பீரியட் அரையாண்டுக்குப் பிறகும் திரும்ப வராது. அப்போது திருப்புதல் தேர்வு என்பார்கள். உள்ளே இருந்தவன் சொல்கிறேன், கடைசி பீரியடில் போட்ட பிஇடியைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள், சிறப்பு வகுப்போடு சேர்த்து இழுத்துக்கொள்ள வசதி. அதே பீரியடை இரண்டு பிரிவுக்கும் சேர்த்து, இடைவேளைக்கு முன்னால் போட்டுவிட்டால் எடுப்பது கடினம். ஒரு வகுப்பறையில் 90 பேரை உட்காரவைக்க முடியாதே. அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைப் பள்ளி திறப்பதற்கு முன்பே போட்டுவிடுவார்கள், அதைப் போடுகிறவர் பெரும்பாலும் ஒரு கணக்கு ஆசிரியர். மே மாதக் கடைசியில் போய் அவரைப் பாருங்கள்.